ஈரோட்டு ஏடும் எட்டுத் திக்கும்

தோழனே!

செண்பகத்தோப்பு அடிவாரத்துத் தேநீர்க் கடையிலே நமது ஏட்டைப் புரட்டிய பெரியவர் கேட்டார்: "நம்ம ஓடையே வறண்டு கிடக்கு, உலகச் சேதி எதுக்குத் தம்பி?"

நியாயமான கேள்வி! ஆனால் அதையே, "கஞ்சிக்கு அலைபவனுக்குக் கடல் கடந்த கதை ஏன்?" என்று ஏளனமாக வீசுவோரும் உளர். அவர்கட்குத்தான் இந்தப் பதில்.

1925-இல் ஈரோட்டிலே பிறந்தது 'குடிஅரசு'. தலைநகரத்து ஏடா? இல்லை. தனவான்களின் ஏடா? இல்லை! எனினும் 1931-இல் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழிலே வெளியிடத் தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியிலே பெரியார் கப்பலேறினார்; சோவியத் நாட்டைக் கண்டார்; ஐரோப்பாவைச் சுற்றினார்; 1932-இல் திரும்பினார். உலகைக் கண்டவர் உள்ளூரை மறந்தாரா? "இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?" என்று 1933-இல் தலையங்கம் தீட்டினார்! வெள்ளையராட்சி அவரையும், ஏட்டின் வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளையும் சிறைக்கு அனுப்பிற்று. உலகை அளந்த கண், உள்ளூர் ஆட்சியையும் அளக்கும். ஆள்வோர் அஞ்சியது அதற்கே!

இன்றோ? 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் மீது 50 விழுக்காடு வரி விதித்தது அமெரிக்கா. கையொப்பம் வாஷிங்டனிலே; கலக்கம் திருப்பூரிலே! இராசபாளையத்து ஆலையிலே நூல் நூற்கும் தோழனுக்கு அது அயல்நாட்டுச் செய்தியா? அடுப்பங்கரைச் செய்தி!

ஆகவே எழுதுவோம் உலகை! தலைவர்கள் கைகுலுக்கினர், விருந்துண்டனர் என்றல்ல. அந்த விருந்துக்காக எவர் வீட்டு உலை அவிந்தது என்று எழுதுவோம். பெரியவரின் வறண்ட ஓடையையும் அதே பக்கத்திலே எழுதுவோம்!