டேங்க் வழியுற வரைக்கும் காத்திருக்கணுமா?

உறவுகளே, குன்னூர்ல படிக்கட்டுக்குக் கீழ இருக்கிற பல வீடுகளுக்கு செப்டிக் டேங்க் லாரியோட ஹோஸ் எட்டாது. அதனாலயே வருஷக்கணக்கா கழிவை எடுக்காம விட்டுடறோம். வழிஞ்சா ஓடை, அப்புறம் குன்னூர் ஆறு, மேட்டுப்பாளையம் பக்கம் பவானி. கீழ இருக்கிற சனம் குடிக்கிறது அந்தத் தண்ணியைத்தான்!

2, 3 வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆகணும். சின்ன வண்டி, நீள ஹோஸ் வேணும்னு தெருவே சேர்ந்து நகராட்சியில கேளுங்க. கவுன்சிலர் நம்ம கட்சின்னாலும் விடாதீங்க.

லாரி வரலைன்னு ஆளை மட்டும் உள்ளே இறக்கிடாதீங்க. விஷவாயு நொடியில சாய்ச்சிடும். பாதுகாப்புக் கருவி இல்லாம இறக்கினா 2013 சட்டப்படி 2 வருஷம் வரை சிறை. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல 10 லட்சத்திலிருந்து 30 லட்சமா உயர்த்துச்சு. உயர்த்த வேண்டி வந்ததே வெட்கக்கேடு. யாராவது ஆளை இறக்குறதைப் பார்த்தா உடனே 14420-க்கு அடிங்க.