தட்டில் ஏறிய பாட்டும் ஏறாத பாட்டும்

பழைய இசைத்தட்டுகளுக்கு இது நல்ல காலம். பரணிலும் பெட்டகத்திலும் தூசி மூடிக் கிடந்தவற்றைத் தேடியெடுத்துத் துடைத்துக் கேட்கும் ஆர்வம் மேலைநாடுகளிற் பெருகியிருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டு விற்பனையான இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை விஞ்சிற்று. 1987 இற்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. புதுப் பாடகர்தம் தட்டுகள் மட்டுமல்ல, 1960களிலும் 1970களிலும் வெளிவந்து அன்றைக்கே கேட்பாரற்றுப் போன றொக் இசைத் தொகுப்புகளும் இன்று மறுபிறவி எடுக்கின்றன.

இவ்வகையிற் பெரிதும் பேசப்படுவது றொட்ரிகெஸ் என்பாரின் கதை. மெக்சிக்கோவிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர் குடும்பத்திலே, டெற்றொயிற் நகரிற் பிறந்தவர் அவர். 1970 இல் ஒரு தொகுப்பும் 1971 இல் மற்றொன்றும் வெளியிட்டார். இரண்டும் சொந்த நாட்டில் விலைபோகவில்லை. பாடகர் கட்டடம் இடிக்கும் கூலி வேலைக்குப் போனார். ஆனால் அவர் அறியாமலே அத்தட்டுகள் தென்னாபிரிக்காவை அடைந்து, நிறவெறி ஆட்சிக் காலத்து இளைஞரிடையே பெரும் புகழ் பெற்றன. அவர் இறந்துபோனார் என்றே அங்கு பலர் நம்பியிருந்தனர். பின்னர் ஆளைத் தேடிக் கண்டு, 1998 இல் அழைத்துச் சென்று மேடையேற்றினர். 2012 இல் அவர் வரலாறு ஆவணப்படமாயிற்று. மறு ஆண்டு அப்படம் ஒஸ்கார் விருது பெற்றது. 2023 இல் அவர் காலமானார். இக்கதை கேட்டு நெகிழாதார் இலர். எனினும் நெகிழ்ச்சியினூடே ஒன்றை மறந்துவிடுகின்றோம். அவர் மீட்கப்பட்டமைக்கு முதற் காரணம், அவர் குரல் ஒரு தட்டில் ஏறியிருந்தமையே.

தமிழாசிரியர்க்கு இது புதுச் செய்தியன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியது ஒரே ஆண்டில், 1887 இல். செல்லரித்து ஓரம் உதிர்ந்த ஓலைகளோடு அவர்கள் பட்ட பாட்டை நாம் வகுப்பிலே உருக்கமாகச் சொல்கின்றோம். ஓலை எவ்வளவு நைந்திருந்தாலும் ஓலை இருந்தது. அதே காலத்தில் நாற்று நடுவோர் வாயிலும் தொட்டில் ஆட்டுவோர் வாயிலும் இருந்த பாட்டுகளை எந்தப் பதிப்பாசிரியராலும் பின்னர் மீட்க முடியவில்லை.

இந்த நோக்கோடு நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் இசைத்தட்டு யுகத்தில் ஊவாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம் பாடசாலைகளிற் பலருக்குத் தெரியாது. சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாரைப் புகுத்திப் புதுவழி கண்டவராகப் போற்றப்படும் கிளரன்ஸ் விஜேவர்தன, 1943 இல் அப்புத்தளையிற் பிறந்தவர். அனஸ்லி மாலேவனவோடு சேர்ந்து அவர் நடத்திய 'மூன்ஸ்டோன்ஸ்' குழு, 1960களின் பிற்பாதியில் விஜய கொரயாவின் வானொலி நிகழ்ச்சிகள் வழியே நாடறிந்தது. 1996 இல் அவர் மறைந்தார். ஆயினும் அவர் பாட்டு மறையவில்லை. இன்றும் பதுளையிலே ஒரு சிங்களத் திருமண வீட்டுக்குப் போனால், இரவு பத்து மணிக்குள் அவர் பாடல்களுள் ஒன்றையேனும் கேளாமல் திரும்ப இயலாது. அவருக்கு மறுகண்டுபிடிப்புத் தேவையே இல்லை. அவருடைய மக்கள் அவரைத் தொலைக்கவில்லை.

தமிழ்ப் பக்கம் அவ்வாறில்லை. அதே ஆண்டுகளில் தமிழிலும் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி', திருகோணமலைப் பரமேஸ், கோணேஸ் ஆகியோரின் பாடல்கள் என அது பல முகம் கொண்டிருந்தது. போர்த்துக்கீசர் வழிவந்த பைலாத் தாளமும், வானொலி கொண்டுவந்த மேலைக் கிற்றாரும், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கும் கலந்த கலவை அது. 'சுராங்கனி' கடல் கடந்தது. 1977 இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகப் படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது இடம்பெற்றது. மனோகரன் 2018 சனவரியில் சென்னையிற் காலமானபோது, அவரை நடிகர் என்று மட்டும் அறிந்திருந்த இளைஞர் பலர் அப்பாட்டுக்குரியவர் அவரே என்று அன்றுதான் அறிந்தனர். மற்றையோர் நிலை இன்னும் மோசம். அவர்தம் தட்டுகள் எங்கே, எத்தனை எஞ்சியுள்ளன என்று கேட்டால், தேடித் திரியும் சில ஆர்வலர்களே விடை சொல்ல வேண்டியிருக்கின்றது.

இதற்கு நாமும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாம் என்றது பண்டித வகுப்பை. கள்ளுக்கடையையும் மாமி மகளையும் பாடுவது பாட்டாகுமோ என்று எமக்கு முந்திய தலைமுறை முகஞ்சுளித்தது. நானும் அந்தச் சுளிப்பைப் பாடத்தோடு பாடமாகக் கற்றுக்கொண்டேன். பள்ளிப் பருவத்தில் மேசையிலே 'சுராங்கனி'த் தாளம் போட்டதற்காக ஆசிரியர் ஒருவரிடம் பிரம்படி பட்டதுண்டு. பின்னர் நானே ஆசிரியனாகி, அதே குற்றத்துக்கு ஒரு பையனை வாங்கின்மேல் நிறுத்தியதும் உண்டு. இன்று அத்தட்டுகளைக் கேட்கையில் வேறொன்று புலனாகின்றது. 1960களின் யாழ்ப்பாணத்தார் பேசிய தமிழ், அதன் இழுப்போடும் குழைவோடும், அங்கே பதிந்து கிடக்கின்றது. பேச்சுமொழி ஆராய்வார்க்கு அதனினும் நல்ல ஏடு வேறு கிடைப்பது அரிது. கவிதைச் சுவை குறைவுதான். அதனை இன்றும் மறுக்கமாட்டேன்.

இனி, தோட்டங்களுக்கு வருவோம். பழைய தட்டுகளைத் தேடும் இளைஞர் சிலர், "ஐயா, மலைநாட்டுப் பாட்டுத் தட்டுகள் உண்டா?" என்று என்னையும் கேட்டிருக்கின்றனர். தட்டு யுகத்திலே நம் தோட்டங்களில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததா? இல்லை. மாசியில் காமன் கூத்து, திருவிழாவில் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, பிள்ளைக்குத் தாலாட்டு, சாவுக்கு ஒப்பாரி என்று வாழ்வே பாட்டாயிருந்தது. அப்படியிருந்தும் அவை தட்டில் ஏறவில்லை. காரணங்கள் தெளிவானவை.

முதலாவது தட்டின் இயல்பு. அரக்கினாற் செய்த பழைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்று, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். 1949 இல் வந்த 45 சுற்றுச் சிறு தட்டும் நேரத்தில் அதனை அதிகம் மிஞ்சவில்லை. பொப்பிசை அந்த அளவுக்கென்றே தைத்த சட்டை. விடிய விடிய ஆடும் காமன் கூத்தை எந்தத் தட்டிற் பொருத்துவது? 1948 இல் வந்த நெடுந்தட்டுங்கூட ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடந்தான். இரண்டாவது காரணம் பணம். கம்பனிகள் வாங்குவோருக்காகவே தட்டுப் போட்டன. நாட்கூலியிற் சீவித்தவர், லயத்துக் காம்பராவுக்கு மின்சாரம் வராத காலத்தில், தட்டும் வாங்கிப் பெட்டியும் வாங்குவாரா? மூன்றாவது, எல்லாவற்றினும் கொடியது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கிற்று. நாடே தன்னவர் என்று எண்ணாதவர் பாட்டை, நாட்டின் இசை என்று கொழும்பில் யார் எண்ணப்போகின்றார்?

சென்ற ஆண்டு, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் என் மாணவன் ஒருவன், தன் பாட்டனாரின் தகரப் பெட்டியிற் கிடந்த 45 சுற்றுத் தட்டொன்றைக் கொண்டுவந்தான். உறை இல்லை, நடுத்தாளில் எழுத்துகள் தேய்ந்து, 'பொப்' என்ற சொல் மட்டும் தெரிந்தது. பதுளை நகரில் வானொலி திருத்துபவர் ஒருவரிடம் பழைய தட்டுப்பெட்டி இருந்தது. இரண்டு கிழமை முயன்று அதனை இயங்கச் செய்து, ஒரு ஞாயிறன்று தோட்டத்துக்கே எடுத்துப் போனோம். தட்டு கரகரத்துப் பாடிற்று. லயத்துப் பிள்ளைகள் கைதட்டினர். பையனின் பாட்டியார் மட்டும் திண்ணையில் அசையாது இருந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்.

"ஒங்க வூட்டுக்காரர் வாங்கின தட்டுத்தானேம்மா?" என்றேன்.

"ஆமாங்கய்யா. திருவிழாக் கடையில வாங்கினாரு. ஆனா இது டவுன்காரங்க பாட்டுங்க. எங்க பாட்டெல்லாம் தட்டுல ஏறலீங்களே."

சொல்லிவிட்டு, கேளாமலே ஒரு பாட்டைத் தொடங்கினார். கொழுந்து நிறுக்கும் தராசையும் கணக்கப்பிள்ளையின் கைச்சூதையும் பற்றியது. ஒவ்வோரடியின் இறுதியிலும் மூச்சு நீண்டு, அடுத்த அடியின் தலையிலேயே அறுந்தது. அசை பிரித்தால் தளை தட்டும். செவிக்கோ எங்கும் தட்டவில்லை. யாப்பிலக்கணம் கற்பிக்கும் எனக்கு அன்று அது ஒரு பாடம்.

இம்மக்களின் பாட்டை எழுத்தில் ஏற்றியோர் உண்டு. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை தாமே பாட்டுக் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். அவை 1940 இல் சிறுநூலாயின. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1980களில் நூலுருப் பெற்றன. அவ்விரு முயற்சியும் இல்லையேல் இன்று சொற்களும் நமக்கு இல்லை. ஆனால் அச்சு சொல்லைத்தான் காக்கும், மெட்டைக் காக்காது. அந்நூலை விரித்து ஒரு பாட்டைப் படிக்கும் மாணவன், தனக்குத் தெரிந்த சினிமா மெட்டில் அதனை வாசிக்கின்றான்.

சிறுகதைக்கு ஒருவர் செய்ததைப் பாட்டுக்கு எவரும் செய்திலர் என்பதே என் குறை. பதுளை மாவட்டத்தில் ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், சொந்தப் படைப்புகளோடு நில்லாது, பத்திரிகைகளில் சிதறி மறந்துபோன மலையகக் கதைகளைத் தேடித் தொகுத்தார்; அவற்றின் வரலாற்றையும் எழுதினார். 2022 இல் அவர் மறைந்தபோது அக்கதைகள் நூல்களாக நம் கையில் இருந்தன. பழைய பத்திரிகைத் தாள் அவருக்குக் கிடைத்தது. பாட்டைத் தொகுப்பவர்க்குத் தாள் இல்லை, ஆள் இருக்கவேண்டும்.

அந்த ஆட்களோ கலைக்கப்பட்டவர்கள். 1964 ஒக்டோபர் ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியோர் எனக் கணக்கிடப்பட்டனர். பொப்பிசைத் தட்டுகள் கொழும்பில் விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பதுளையிற் புகைவண்டி ஏறி, தலைமன்னாரிற் கப்பலேறிப் போன குடும்பங்களோடு பாட்டுகளும் போயின. அவற்றுட் சில இன்றும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைக் காட்டில் உயிரோடிருக்கலாம். எஞ்சியோர் தலையில் 1983 யூலை விழுந்தது. பதுளைக் கடைவீதி எரிந்த நாளை என் வயதினர் மறக்கமாட்டார். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. 2025 நவெம்பரில் 'டித்வா' புயலின்போது இம்மாவட்டத்தின் பல மலைகள் மீண்டும் சரிந்தன. உயிரிழந்தோரையும் வீடிழந்தோரையும் எண்ணுகின்றோம், எண்ணத்தான் வேண்டும். சரிவிற் போன கிழவர் ஒருவரோடு எத்தனை இரவுக் கூத்து போயிற்று என்பதற்குக் கணக்கேடு இல்லை.

எனவே பழைய தட்டுகளைத் தேடும் இளைஞரை நான் தடுக்கவில்லை. தேடட்டும். நூலகம் நிறுவனத்தார் 2005 தொடங்கி நூல்களையும் ஒலிகளையும் மின்வடிவிற் சேமித்து வருகின்றனர். கிடைக்கும் தட்டுகளும் ஒலிநாடாக்களும் அத்தகைய இடத்தைச் சேரட்டும். ஒலிநாடாவுக்கு அவசரம் அதிகம். தட்டு கீறல் விழுந்தாலும் பாடும். நாடாவோ நம் மலைக் குளிரிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடித்து, மேற்பூச்சு உதிர்ந்துவிடும். ஆனால் தேடுவோர் கைப்பேசியிலேயே நல்ல ஒலிப்பதிவுக் கருவி இருக்கின்றது. 45 சுற்றுத் தட்டொன்றுக்காகக் கொழும்புப் பழங்கடைகளில் ஒரு நாள் அலைபவர், அடுத்த நாள் ஒரு லயத்துத் திண்ணையில் இருக்கலாகாதா? பதிந்தால் பெயர், ஊர், தோட்டம், நாள், பாடியவர் அதனை யாரிடம் கற்றார் என்பன எல்லாம் எழுதவேண்டும். பெயரில்லாப் பதிவு அநாதைப் பிள்ளை. நாளை எவரும் தம்முடையது என்பர்.

அந்த ஞாயிறன்று பையனின் கைப்பேசியில் நாற்பது நிமிடம் பதிந்தோம். தாலாட்டு, கும்மி, நிறுவைப் பாட்டு ஆகியன கிடைத்தன. ஒப்பாரி பாடுவீர்களா என்று கேட்டபோது அம்மையார் கையை அசைத்துவிட்டார்.

"வெளக்கு வச்சாச்சுங்கய்யா. சாவு விழாத வூட்டுல ஒப்பாரி வைக்கக்கூடாது. மாசி மாசம் வாங்க, காமன் பாட்டுக் கேக்கலாம்."

ஒப்பாரிக்குரிய இடத்தை மாணவன் தன் குறிப்பேட்டில் வெறுமையாக விட்டிருக்கின்றான். மாசிக்கு மறுபடி போகின்றோம்.