சைலன்சரைக் கடையிலேயே பிடியுங்கள்

வேலூர் ஐடா ஸ்கடர் சாலையின் ஒரு பக்கம் சிஎம்சி மருத்துவமனை. எதிர்ப் பக்கம் மருந்துக் கடைகளும் லாட்ஜுகளும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து சிகிச்சை பெறுகிறவர்கள் வாரக்கணக்கில் அந்த அறைகளில்தான் தங்குகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடம் தருகின்றன. அங்கே பகலில் 50 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 40 டெசிபல்தான் வரம்பு. சைலன்சரின் உள்தடுப்பைப் பிடுங்கிவிட்ட ஒரு புல்லட் பைக் அந்தத் தெருவில் நுழைந்தால் இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. டெசிபல் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 80-லிருந்து 100-க்குப் போனால் நூறு மடங்கு.

இதற்கு நாடு முழுக்கக் காவல் துறை கண்டிருக்கும் வைத்தியம் ரோடு ரோலர். விசாகப்பட்டினம், நாக்பூர் போன்ற நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை நடுரோட்டில் வரிசையாக அடுக்கி நசுக்கினார்கள். பார்க்கிறவர்களுக்கு மனம் குளிரும். ஆனால் நசுங்கிய குழாயைச் செய்தவர், விற்றவர், மாட்டியவர் மூவரும் மறுநாள் காலை வழக்கம்போலக் கடை திறக்கிறார்கள். என் ஆட்சேபம் அங்கேதான்.

சட்டம் ஓட்டுபவரைக் கெட்டியாகவே பிடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். உரிமமும் மூன்று மாதம் போகும். 2021 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு இந்தச் சத்தத்தைத் தானாகவே வழக்காக எடுத்தது. இருந்தும் சத்தம் குறையவில்லை.

ஏன் என்று புரிய, குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனி சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுப்புகள் உண்டு. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கியும் அந்தப் பாதையிலேயே இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட பைக் மாடல் 80 டெசிபலுக்குள் நின்று சோதனையில் தேறினால்தான் விற்பனைக்கு வரும்; 80-லிருந்து 175 சிசி வரை 77. கடையில் தொங்கும் மலிவுக் குழாயில் பெரும்பாலும் ஒரே நேர்க்குழாய், அதில் ஓட்டைகள், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு, மேலே பளபளக்கும் குரோம் பூச்சு. வாங்கும் அன்று சத்தம் தாங்கும்படி இருக்கும். மாதங்கள் போகப் போகச் சூட்டில் பஞ்சு கருகிப் பறந்துவிட, ஓட்டுபவருக்கே தெரியாமல் சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஸ்லோவேனியாவின் அக்ரபோவிச் பெயரை ஒட்டிய போலிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன.

மாட்டும் விதம் இன்னும் மோசம். இன்ஜின் தலையில் குழாய் சேரும் இடத்தில் ஒரு கேஸ்கட் உண்டு. அதைப் புதிதாகப் போட வேண்டும்; அவசரத்தில் பழையதையே வைத்து இறுக்குகிறார்கள். ஒரு நட்டை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததைத் தொட்டால் விளிம்பு சாய்ந்து இடைவெளி விழும். அந்தச் சந்தில் வெளிக்காற்று நுழைகிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். வண்டி இன்னும் பெட்ரோலைக் கொட்டும். மைலேஜ் விழும்போது பையன்கள் பெட்ரோல் பங்கைத் திட்டுகிறார்கள்! சோதிப்பது சுலபம். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, இணைப்பருகே தொடாமல் கையைக் காட்டினால் ஊதும் காற்று தெரியும். சில நாள் ஓடிய வண்டியென்றால் அந்த இடத்தில் கரிக்கோடு படிந்திருக்கும். பின்னால் தாங்கும் பிராக்கெட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். முதலில் இறுக்கினால் இழுப்பு முழுவதும் வெல்டிங்கில் விழுந்து, அது குண்டு குழியில் விரிசல் விடும். சூட்டுத் தகடு இல்லாத குழாயில் பின்னால் உட்காரும் பெண்ணின் கணுக்காலும் புடவையும் சுடும்.

இன்னொன்று: கழற்றிய பழைய குழாயைக் கையோடு கேட்டு வாங்குங்கள். வினையூக்கியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் அதற்குத் தனி விலை. வட இந்தியாவில் ஈகோ வேன்களின் சைலன்சரைத் திருடியதெல்லாம் இந்த உலோகத்துக்காகத்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கட்டிங் செக்‌ஷனில் நிற்கும் பையன் தோலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஊசிமுனை ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்து ஒதுக்குகிறான். தோலில் ஆறிணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டால் 2015 மே முதல் ஐரோப்பாவில் விற்க முடியாது என்பது இந்தப் பகுதியின் தொழிலுக்கு அத்துப்படி. அதே கை, வெல்டிங்கில் ஓட்டை விழுந்த குழாயைச் சம்பளப் பணம் கொடுத்து வாங்குகிறது. சோதித்துக் கொடுத்தாக வேண்டும் என்று விற்பவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

பாலாற்றுக் கரைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. கெட்ட தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த வாசலுக்குப் பொறுப்பு போனது. சத்த விஷயத்தில் மட்டும் பொறுப்பைத் தவணைக்கு பைக் வாங்கிய பையனின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது என்ன நியாயம்?

வழி இருக்கிறது. ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சர் ஐ.நா.வின் 92-ஆவது ஒழுங்குமுறைப்படி சோதிக்கப்பட்டு, வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் நாட்டு எண்ணும் பொறித்து வருகிறது. நம் நாட்டிலேயே 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. சைலன்சருக்கும் அப்படி ஒரு முத்திரை கட்டாயமாகட்டும். பைக்கின் குரலை மாற்ற ஆசைப்படுவது குற்றமில்லை. நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், வினையூக்கியைத் தொடாமல், வரம்புக்குள் நிற்கும் குழாயைச் செய்ய முடியும். அது சோதனையில் தேறினால் ஆர்டிஓ ஏற்றுக்கொள்ள வழி செய்ய வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் ஒலிமானியோடு நிற்கும் போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டியதும், “எங்கே மாட்டினே?” என்று முதலில் கேட்கட்டும். பதிலை வழக்கிலேயே எழுதட்டும். ஒரே கடையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், போக்குவரத்துத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அந்தக் கடைக்குச் சேர்ந்து போகட்டும்.