முதலில் ஒரு 'அ' வரையுங்கள்

வெக்டர் வரைகலை பழக வேண்டுமா? யூடியூப் பார்த்து யாரோ ஒருவரின் லோகோவை நகலெடுக்க வேண்டாம். இங்க்ஸ்கேப்பைத் திறந்து ஓர் 'அ' வரையுங்கள். 2003இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. ரெனோ கார்களை வடிவமைக்க பியர் பெசியே பயன்படுத்திய வளைகோடுதான் அதிலும் இருக்கிறது. நம் எழுத்துகளில் வளைவுக்கா பஞ்சம்? புள்ளிகள் கூடினால் கோடு நெளியும். குறைந்த புள்ளிகளில் சுழி சீராக வந்தால் கை பழகிவிட்டது.

ஐபோனில் உள்ள 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவில் 'எம்என்' என்பது மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனைக் குறிக்கிறது. ஆக்லாந்தில் நாம் அடிக்கும் பொங்கல் போஸ்டர்களிலோ ஆங்கிலம் மிடுக்காக நிற்கிறது, தமிழ் கடைசி நிமிடத்தில் ஒட்டியதுபோல் இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு அந்தத் தலைப்பை நீங்களே வரைந்து கொடுங்கள்.