ட்ரிப் சுவிட்ச் விழட்டும்

சாதாரண தரத்தில் ஓமின் விதியை எழுதிப் பாஸ் பண்ணிப்போட்டு, கலைப்பீடத்துக்கு வந்ததும் 'கரண்ட் எங்கட பாடமில்லை' எண்டு விட்டுவிடுகிறோம். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகுது, அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடலாம் என்று போடிங்கில் யோசனை சொல்பவர்களும் எங்களுக்குள்ளேதான் இருக்கிறார்கள். இது விளையாட்டில்லை.

அந்தச் சுவிட்ச் பார்ப்பது ஒரு சின்னக் கணக்கு: போன மின்னோட்டம் அப்படியே திரும்பி வந்ததா? வீடுகளில் வழக்கமாகப் பூட்டுவது, 30 மில்லி அம்பியர் குறைந்தாலே விழும். 60 வாற்று குண்டு பல்ப்பே 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 260 இழுக்கும். குறைந்த அந்த 30, ஆரோ ஒருவரின் உடம்புக்குள்ளால் நிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். பியூஸுக்கு இது தெரியவே வராது. அது காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல.

விழுந்தால் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கோ. முதலில் அந்தப் பழைய ஹீற்றரை.