பேசியவனுக்கு மார்க், உழைத்தவனுக்கு மவுஸ்

கல்லூரிகளில் இன்டர்னல் மார்க் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பங்கு குழு செமினாருக்கு. நாலஞ்சு பேரைக் குழுவாகப் பிரித்து, ஒரு கோட்பாட்டைக் கையில் கொடுத்து, 'இதை ஒரு நிகழ்வுக்குப் பொருத்திக் காட்டுங்க' என்கிறார்கள். சமூகவியல், சமூகப்பணி, அரசியல் துறைகளில் அந்த நிகழ்வு பலநேரம் நம்முடையதாக இருக்கும். நம் சேரி, நம் சாவு. பொருத்துகிற கோட்பாடு வேறு யாருடையதாகவோ இருக்கும். மார்க் போடுகிற பேனாவும் அப்படித்தான்.

இதெல்லாம் சின்ன விசயம் என்று நினைக்கிற தோழர்களுக்காகத்தான் எழுதுகிறேன். யார் சிந்திப்பது, யார் தகவல் சுமப்பது என்கிற வேலைப் பிரிவினை பல்கலைக்கழகத்தின் உச்சியில் தொடங்குவதில்லை. இந்தப் பதினைந்து நிமிசத்தில் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரிக்குக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நேரம் இருந்ததால் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு செமினாரைக் கேட்டேன். தலைப்பு, அதிகாரப் பரவலும் மேலவளவும். மூணு பேர் இங்கிலீசில் பேசினார்கள். நாலாவது பையன் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று ஸ்லைடு மாற்றினான். திரையில் வந்த போட்டோக்கள் அவன் எடுத்தவை. பேட்டிகள் அவன் பஸ் ஏறிப் போய் வாங்கியவை. அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. 'வெரி நீட், வெரி பேலன்ஸ்டு' என்றார் ஆசிரியர். பேசிய மூவருக்கும் ஒரே மார்க். அவனுக்குப் 'பங்கேற்பு குறைவு' என்று ரெண்டு மார்க் கம்மி.

நான் வங்கிக் குமாஸ்தா. ஜாயின்ட் அக்கவுன்ட் எனக்குத் தெரியும். பணம் போடுகிறவன் ஒருத்தன், எடுக்கிறவன் ஒருத்தன் என்று நடக்கும். ஆனா அங்கேகூட யார் போட்டது, யார் எடுத்தது என்று பதிவு இருக்கும். செமினாருக்கு அந்தப் பதிவுகூடக் கிடையாது.

சரி, அந்த 'நீட்'டான ஆய்வு என்னதான் சொன்னது? அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். இவ்வளவையும் வரிசையாகச் சொல்லிவிட்டு முடிவுரையில், 'அதிகாரப் பரவலை நடைமுறைப்படுத்துவதில் ஏற்பட்ட தடை' என்றார்கள். தடையாம்! ஆறு பிணம் ஒரு தடை. கோட்பாட்டின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

கோட்பாடு என்ன சொல்கிறது? அதிகாரத்தை மக்கள் பக்கத்தில் கீழே இறக்கினால் ஜனநாயகம் வலுப்படும் என்கிறது. மேலவளவு என்ன சொல்கிறது? 'கீழே' என்று பொதுவாக ஓர் இடம் இங்கே இல்லை. ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. மேலிருந்து இறங்குகிற அதிகாரம் ஊர் எல்லையில் நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிச் சேரிக்கு வந்தால் அரிவாள் வருகிறது. கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக வைக்கச் சொன்னவர்களுக்கு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பதில் சொன்னாரே, அது ஏன் அந்த ஸ்லைடுகளில் இல்லை? அது கோட்பாடு இல்லையா?

ஒதுக்கீடு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, நிலம் யாரிடம், கண்மாய் ஏலம் யாரிடம், போலீஸ் யார் பக்கம் என்று கேட்காத கோட்பாடு பாதிக் கோட்பாடு. தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019-இல் அரசே முன்கூட்டி விடுதலை செய்ததே, அதை இந்தக் கோட்பாடு எந்த இடத்தில் வைக்கும்? இப்படிக் கேட்கிற குழுவுக்குத்தான் மார்க் போடணும். கோட்பாடு எங்கே பொருந்துகிறது என்பதைவிட எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று சொல்வதுதான் ஆய்வு. பொருந்தாததை வெட்டி எறிந்துவிட்டுப் பொருத்திக் காட்டுவது தையல்கடை வேலைகூட இல்லை. தையல்காரன் துணியைத்தான் வெட்டுவான், உடம்பை வெட்டமாட்டான்.

செமினார் எப்படி இருக்கணும்? ஒரு மாணவரைக் காட்டுகிறேன். 1916 மே 9. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் செமினார். வாசித்தவர் அம்பேத்கர், வயது 25. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று அன்றைக்குச் சாதி பற்றி எழுதியிருந்த பெரிய ஆட்களின் வரையறைகளை எடுத்துவைத்து, எது நிற்கும் எது விழும் என்று சோதித்தார். தீட்டு சாதியின் தனி இலக்கணம் அல்ல, அகமணம்தான் அடிப்படை என்றார். ஒரு குழு கதவைச் சாத்திக்கொண்டு தனக்குள்ளேயே மணம் செய்தால், துணையை இழந்தவர்களை என்ன செய்யும் என்று கேட்டார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமி மணம் மூன்றுக்கும் அந்தக் கேள்வியிலிருந்தே விளக்கம் சொன்னார். சாதி பரவிய விதத்துக்கு பிரெஞ்சுக்காரர் தார்டின் 'போலச்செய்தல்' கருத்தை எடுத்துக்கொண்டார். அந்நியக் கோட்பாடு என்று ஒதுக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. வேலை வாங்கினார். அடுத்த ஆண்டே அது அச்சில் வந்தது. இன்றைய மார்க் தாளில் 'பேலன்ஸ் இல்லை' என்று அவருக்கும் ரெண்டு மார்க் குறைத்திருப்பார்கள்.

நடுநிலை என்று எதைச் சொல்கிறார்கள்? கொன்றவனுக்கு ஒரு ஸ்லைடு, செத்தவனுக்கு ஒரு ஸ்லைடு. இது நடுநிலையா, கணக்கு நேர்செய்வதா? ஆதாரத்துக்கு நேர்மையாக இருப்பதுதான் நடுநிலை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. நம் மாணவனைப் பார்த்து, 'நீ உன் அனுபவத்தைச் சொல்லுப்பா' என்பார்கள். பரிவோடுதான் சொல்வார்கள். அனுபவம் உனக்கு, கோட்பாடு அவனுக்கு. சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பிராமணர்களும் தகவல் சூத்திரர்களும் இருப்பதாக கோபால் குரு 2002-இல் எழுதினார். அந்தப் பிரிவினையை வகுப்பறைக்குள் பரிவு என்ற பெயரில் கொண்டுவராதீர்கள். பரிவு மார்க் எங்களுக்கு வேண்டாம். கடுமையாகத் திருத்துங்கள், ஆனால் சரியானதைத் திருத்துங்கள்.

நம்ம ஆட்களையும் விடுவதற்கில்லை. கிராம்சி, ஃபூக்கோ என்று பெயர்களைச் சொல்லிவிட்டாலே ஆய்வு முடிந்துவிட்டதாக நினைக்கிற தோழர்கள் நம்மிடமும் உண்டு. பெயரை எடுத்துவிட்டால் கட்டுரையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அதுவும் அந்த 'நீட்' செமினாரின் தம்பிதான்.

கேட்கவேண்டியது அதிகமில்லை. எதற்கு எவ்வளவு மார்க் என்று முன்னாலேயே எழுதி ஒட்டுங்கள். களத்துக்குப் போனவர் யார், படித்தவர் யார், எழுதியவர் யார் என்று குழுவே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பேசியவர், பேசாதவர் எல்லாரிடமும் தனித்தனியாகக் கேள்வி கேளுங்கள். களத்துக்குப் போனவரிடம் கோட்பாட்டைக் கேளுங்கள். கோட்பாடு பேசியவரிடம் களத்தைக் கேளுங்கள். உண்மை அங்கே தெரிந்துவிடும். இங்கிலீஷ் உச்சரிப்புக்கும் ஸ்லைடின் வண்ணத்துக்கும் கொடுக்கிற மார்க்கை வாதத்துக்குக் கொடுங்கள்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை குழு பிரிக்கும்போது கோட்பாட்டுப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் சண்டை போடுங்கள். தமிழில் பேசுங்கள். தமிழில் பேசினால் மார்க் குறையும் என்றால், அது எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.