காலி என்று சொல்லாதீர்கள், திறந்து காட்டுங்கள்

தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்த காலத்தில் அந்த வரிசையைப் பார்த்துப் பழகியவன் நான். வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டக்காரர்கள். கையில் அப்பா காலத்து 12 போர் இரட்டைக்குழல். “உள்ள ஒண்ணுமில்ல சார்” என்று சொல்லிக்கொண்டே நீட்டுவார்கள். குழலோ எதிரே உட்கார்ந்திருக்கும் ரைட்டரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நீட்டுவதற்கு முன்பே மடித்துத் திறந்திருக்க வேண்டும். இந்த வகைத் துப்பாக்கியின் பெரிய வசதியே அதுதான். மேலே உள்ள லீவரைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் மடியும். தோட்டா உட்காரும் இரண்டு அறைகளும் கண்ணுக்குத் தெரியும். மடிந்து தொங்கும் துப்பாக்கி சுடாது என்பது தள்ளி நிற்பவருக்கும் புரியும். வேலி தாண்டும்போதும் ஜீப்பில் ஏறும்போதும் தோட்டாவை எடுத்துவிட்டு, மடித்தே வைத்திருங்கள். சேஃப்டியை நம்பி இருந்துவிட வேண்டாம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது விசையை மட்டும்தான் பூட்டும். ஓங்கி அடிபட்டால் உள்ளே ஏறி நிற்கும் சுத்தியல் விழுந்துவிடலாம்.

தோட்டா போடுமுன் குழல் வழியே வெளிச்சம் பாருங்கள். மாதக்கணக்கில் மூலையில் சாத்திவைத்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அடைபட்ட குழலில் சுட்டால் குழல் கிழியும். தாங்கிப் பிடித்த கையும் போகும். தோட்டா மாறிப்போவது இன்னும் மோசம். அளவில் சிறிய 20 போர் தோட்டா 12 போர் அறையில் நிற்காது. வழுக்கி உள்ளே போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி. போட மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே இதற்காகத்தான். நீளத்தையும் பார்க்க வேண்டும். தோட்டாவில் அச்சிட்டிருப்பது, சுட்டு வாய் விரிந்த பிறகுள்ள நீளம். அதனால் 65 மி.மீ. அறைக்குள் 70 மி.மீ. தோட்டா தடையில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

மூடும்போது குழலைத் தூக்கி மூடாதீர்கள். கட்டையைத் தூக்கி மூடுங்கள். குழல் தரையையே பார்த்திருக்கும். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். ஒரு குழல் சுட்டதும் மற்றக் குழலில் தோட்டா இருப்பதைப் பதற்றத்தில் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே திறக்காதீர்கள். ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுத்துத் திறங்கள்.

புதிதாக உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. அதற்கு முன்பே உரிமம் வாங்கியவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2019 சட்டத் திருத்தம் உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டிவிட்டது. புதுப்பிக்க வரும்போது நாலு வார்த்தை சொல்லலாம் என்றால் அந்த வாய்ப்பும் குறைந்துவிட்டது.

மிச்சமிருப்பது தேர்தல்தான். முடிவு வந்து துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், உரிமதாரர் அதைத் திறந்து, டம்மி தோட்டா போட்டு, மூடி, மறுபடி திறந்து எடுத்துக் காட்டிய பிறகே பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆயுதப்படையில் ஆர்மரர் இருக்கிறார்; டம்மி தோட்டாவுக்குப் பெரிய செலவில்லை. செய்துகாட்டத் தெரியாதவருக்கு அங்கேயே கற்றுக்கொடுத்து அனுப்பலாம். உரிமம் வழங்கும் ஆட்சியர்களும் காவல் ஆணையர்களும் அடுத்த தேர்தலுக்குள் இதற்கு ஓர் உத்தரவு போட வேண்டும்.